மகாயுகம் பஸ் ஏறப் போன முகூர்த்தம்

வெள்ளியங்கிரியின் கம்பெனியில் செய்த வீடியோ விளையாட்டுகள் எல்லாம் காலையில் டவுன் பஸ் ஏறி வேலைக்குப் போய், பொழுது சாயக் காசோடு திரும்பி வரும். சரவணம்பட்டியில் மற்ற கம்பெனிகளிலும் அதுதான் வழக்கம். ஒரு விளையாட்டு என்றால் அது ஊருக்குள் போய், டீக்கடை பெஞ்சில் ஆளுக்காகக் காத்திருப்பவன் கையிலோ, ஆஸ்பத்திரி வராந்தாவில் டோக்கனோடு உட்கார்ந்திருப்பவள் கையிலோ ஏறி, நாலு பேர் முகத்தைக் கொஞ்சம் மலர்த்திவிட்டு வர வேண்டும். வேலைக்குப் போகாமல் வீட்டோடு கிடக்கிற விளையாட்டை யாரும் மதிக்க மாட்டார்கள். சம்பாதிக்காத மாப்பிள்ளையை மட்டும் மதித்துவிடுகிறோமா என்ன?

கோகிலவாணி செய்த விளையாட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். பஸ் வரும். நிற்பதற்குள் கூடவே ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டை வீசி சீட் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. துண்டு யாராவது பெரியவரின் வழுக்கைத் தலையில் விழுந்துவிட்டால் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்டு முடிப்பதற்குள் பஸ் போய்விடும். கல்யாணமான புதிதில் அன்னூரிலிருந்து தினமும் நின்றுகொண்டே வந்த ஆத்திரத்தில் அவள் அதைச் செய்தாள். துண்டு உள்ளங்கை அகலம்தான் இருக்கும், ஆனால் கெட்டிக்காரி. ஒருநாளும் பஸ்ஸில் நின்றுகொண்டு போனதில்லை.

துண்டு எப்போதும் இரண்டு சீட் பிடிக்கும். ஒன்று தனக்கு, இன்னொன்று வடாமுக்கு. வடாம் என்பது மொட்டை மாடியில் காயப்போட்ட வடாத்தைக் காக்கையிடமிருந்து காப்பாற்றுகிற விளையாட்டு. அதற்கு நடை கொஞ்சம் மெது. கூட்டத்தில் இடித்துப் பிடித்து ஏறத் தெரியாது. அது வந்து சேரும் வரை துண்டு பக்கத்து சீட்டில் கையை வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களிடமெல்லாம் “ஆள் வருதுங்க” என்று சொல்லிக்கொண்டிருக்கும். கல்யாண மண்டபத்து வாசலில் நம் செருப்பை நாமே தேடிக் கண்டுபிடிக்கிற ‘செருப்பு’ என்று ஒன்றும் இருந்தது. இப்படி ஒரு ஏழெட்டு உருப்படிகள். அவை கொண்டுவருவதில் கம்பெனி சாப்பிட்டது, கேன்டீனில் சட்னி கெட்டியாக இருந்தது.

முதலாளி வெள்ளியங்கிரிக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் அவருக்குக் குறையாகிவிட்டது. பெங்களூரில் ஒரு மாநாட்டுக்குப் போனவர், அங்கே ஒரு கம்பெனிக்காரன் தன் விளையாட்டைக் கிரேனில் தூக்கிக்கொண்டுவந்து இறக்கியதைப் பார்த்துவிட்டார். அதைச் சுற்றிப் பார்ப்பதற்கு ஆட்டோ வைத்திருந்தார்களாம். வெள்ளியங்கிரியின் சட்டைப் பையில் அன்றைக்குச் செருப்பு இருந்தது. உங்களது எங்கே என்று நாலு பேர் கேட்டபோது அதை எடுத்துக் காட்டக் கூச்சப்பட்டு, கர்ச்சீப்பைப் போட்டு மூடிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்.

வந்ததும் எல்லோரையும் கூட்டி வைத்து, யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்றார். இனிமேல் சில்லறை வேலையே கிடையாது, ஒன்றே ஒன்று செய்வோம், அதை உலகமே பார்க்கட்டும் என்றார். அந்த ஒன்று ஒரே ஒரு நாள் வேலைக்குப் போய் வந்தால் போதும், பேரன் பேத்தி காலம் வரைக்கும் உட்கார்ந்து சாப்பிடலாம். எல்லோரும் கை தட்டினார்கள். அதுவரைக்கும் யானைக்குத் தீனி போடுவது யார் என்று பழமொழி சொல்லவில்லையே என்று கோகிலவாணிக்குப் பட்டது. மாசச் சம்பளக்காரி, வாயைத் திறக்கவில்லை.

அப்படித்தான் மகாயுகம் இரண்டாவது மாடியில் பிறந்தது. பிறக்கும்போதே அதற்கு ஒரு மலை இருந்தது. பல் முளைக்கிற வயதில் கடல் வந்தது. மூன்றாவது மாடியைக் கேட்டது, கொடுத்தார்கள். நாலாவது மாடியைக் கேட்காமலே எடுத்துக்கொண்டது. அதற்குள் பெய்த மழையில் கீழே அக்கவுண்ட்ஸ்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். குதிரைகளுக்கு வாலில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக ஆட வேண்டும் என்பதால், வால் மயிருக்கு மட்டும் ஒரு தனி இலாகா இருந்தது. அந்த இலாகாவில் யாரும் குதிரையின் முகத்தைப் பார்த்ததில்லை.

வானம் வரைகிற வேலை அபுதாகிருக்கு. நல்ல பையன், கோகிலவாணியை அக்கா என்பான். தினமும் ஓர் அந்திவானம் வரைந்து மேலே அனுப்புவான். மகாயுகம் அதைத் தின்றுவிட்டு, நேற்றைய செவப்பு இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருந்தது என்று சொல்லி அனுப்பும். அவன் மறுபடியும் வரைவான். வெளியே நிஜமாகவே பொழுது சாய்வதை அவன் பார்த்து நாளாகிவிட்டது. எல்லாம் மகாயுகத்தின் முறுக்குத்தான், தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைகூட அத்தனை முறுக்கிக்கொள்ள மாட்டான்.

இவ்வளவு தின்கிற விளையாட்டை உலகத்தில் ஒரே ஒருத்தருக்குக்கூடப் பிடிக்காமல் போய்விடக் கூடாது அல்லவா? அதனால் யாருக்கெல்லாம் எது பிடிக்காது என்று விசாரிக்க ஆள் அனுப்பினார்கள். கதாநாயகனின் மீசை சில நாடுகளில் பிடிக்கவில்லை, எடுத்தார்கள். மூக்கு பிடிக்கவில்லை, எடுத்தார்கள். கண் முறைக்கிற மாதிரி இருப்பதாகப் புகார் வந்தது. கடைசியில் கதாநாயகனுக்கு முகம் இருந்த இடத்தில் வழவழவென்று நெற்றி மட்டும் இருந்தது. வில்லன் யார் மனதையும் புண்படுத்தாதவனாகவும், வழியில் பார்க்கிறவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்கிறவனாகவும் ஆகிவிட்டான்.

ஒவ்வொரு வருஷமும் பஞ்சாங்கம் பார்த்து முகூர்த்தம் குறிப்பார்கள். அந்த நாள் நெருங்கும்போது பழைய குதிரைகள் பழசாகத் தெரியும், மகாயுகம் இன்னொரு வருஷம் கேட்கும். உரலில் தலையைக் கொடுத்த பிறகு உலக்கைக்குப் பயந்தால் ஆகுமா என்று வெள்ளியங்கிரி சரி சொல்லிவிடுவார். அடுத்த மாதத்திலிருந்து தீனி இரண்டு பங்காகும்.

சின்ன விளையாட்டுகளைத் தீனியாகப் போட ஆரம்பித்தது அப்போதுதான். முதலில் செருப்பு. அது வேலை முடிந்து வந்ததும் வராததுமாக லிஃப்டில் ஏற்றி மேலே அனுப்பினார்கள். மகாயுகத்துக்குச் செக்கும் ஒன்றுதான் சிவலிங்கமும் ஒன்றுதான், தின்றுவிட்டு ஏப்பம்கூட விடவில்லை. அப்புறம் மாசத்துக்கு ஒன்று. ஒவ்வொன்று போகும்போதும் கேன்டீன் சட்னி தண்ணியானது. ஒருநாள் சட்னி போய்ப் பொடி வந்தது.

வடாம் போனது ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம். மேலே ஒரு காக்கை இறகு ஒட்டியிருக்க, பஸ்ஸை விட்டு இறங்கி மெதுவாக நடந்து வந்தது. லிஃப்டுக்குள் போகச் சொன்னார்கள், போனது. எந்த மாடி என்று கேட்டது, அவ்வளவுதான். கோகிலவாணி பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அடுத்த நாள் காலையில் துண்டு வழக்கம்போல இரண்டு சீட் பிடித்தது. இரண்டு டிக்கெட் எடுத்தது. பக்கத்தில் உட்கார வந்தவரிடம் ஆள் வருதுங்க என்றது. காந்திபுரம் வரைக்கும் ஆள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான்.

பிறகு மிச்சம் இருந்தது துண்டு ஒன்றுதான். உள்ளங்கை அகலச் சாமான், தனியாகப் போய்ச் சம்பாதித்து அத்தனை பேர் உலையில் அரிசி போட்டது. அது வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் வெள்ளியங்கிரி வாசலில் நிற்க மாட்டார், கூச்சம். வந்து இறங்குகிற நேரத்தில் நிற்பார்.

இந்த வருஷம் ஆவணியில் முகூர்த்தம் தள்ளிப்போகவில்லை. மகாயுகமே சரி என்றுவிட்டது. ஒரே ஒரு குறைதான் சொன்னது. எல்லாம் நிறைந்துவிட்டது, ஓரத்தில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் என்னவோ வெறிச்சென்று இருக்கிறது என்றது.

முகூர்த்தத்தன்று காலையில் வெள்ளியங்கிரி பட்டு வேட்டியில் வந்தார். முன்பக்கச் சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள், மகாயுகம் வெளியே வர வேறு வழியில்லை. துண்டு வேலைக்குக் கிளம்பத் தயாராகக் கோகிலவாணியின் மேசைமேல் இருந்தது.

“அம்மிணி, அதையும் மேல அனுப்பிச்சிரு. நிறைஞ்சிரும்,” என்றார்.

“ஏனுங்கண்ணா, இது ஒண்ணு போயித்தானுங்க நாம எல்லாரும் சோறு திங்கறோம்.”

“இன்னைக்கு மகாயுகம் பஸ் ஏறிட்டா நாளையிலிருந்து சோத்துக்கென்ன பஞ்சம்?”

“ஏறலைன்னா?”

வெள்ளியங்கிரிக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. இத்தனை வருஷத்தில் அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை. லிஃப்ட் வந்துவிட்டது என்று மட்டும் சொன்னார்.

கோகிலவாணி துண்டை முந்தானையில் பொத்தி எடுத்துக்கொண்டு லிஃப்ட் வரைக்கும் போனாள். கதவு திறந்தது. உள்ளே ஒரு காக்கை இறகு கிடந்தது. பத்து வருஷமாகத் திறக்காத வாயைத் திறந்துதான் என்ன ஆயிற்று என்று எண்ணி, கால்களைத் திருப்பினாள். இடித்த சுவர் வழியாக வெளியே வந்து, விறுவிறுவென்று பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள். பின்னாலேயே வெள்ளியங்கிரி அம்மிணி அம்மிணி என்று வந்தார். அவருக்குப் பின்னால் மகாயுகம் வந்தது, தரை லேசாக அதிர்ந்தது.

பஸ் ஸ்டாப்பில் இடமே இல்லை. அக்கம்பக்கத்து நாலு கம்பெனிக்காரர்களும் ஆளுக்கொரு பெரிய விளையாட்டை வளர்த்து, மாலை போட்டுக் கூட்டி வந்திருந்தார்கள். எல்லோர் வீட்டிலும் அதே பஞ்சாங்கம்தான். நல்ல நாள் ஒன்று இருக்கும்போது யார்தான் விடுவார்கள்? மலைகள் மலைகளோடு உரசிக்கொண்டு நின்றன. ஐந்து கடல்களின் ஈரக்காற்றில் டீக்கடை அடுப்பு அணைந்து அணைந்து எரிந்தது.

இதில் வேடிக்கை, கதாநாயகர்கள் ஐந்து பேருக்குமே முகம் இல்லை. நெருக்கத்தில் அவர்கள் ஒருவரோடொருவர் கலந்துவிட்டார்கள். எது யாருடையது என்று யாருக்கும் அடையாளம் சொல்லத் தெரியவில்லை. சண்டை வேண்டாம் என்று முதலாளிகள் ஆளுக்கு ஒரு நாயகனைக் கையில் பிடித்துக்கொண்டார்கள். கூட வந்திருந்த அபுதாகிர் அண்ணாந்து பார்த்தான். ஐந்து விளையாட்டுக்கும் மேலே ஒரே செவப்பில் ஒரே அந்திவானம் இருந்தது. அதில் தன்னுடையது எது என்று அவனுக்கே தெரியவில்லை.

பஸ் வந்தது. கோகிலவாணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். எத்தனை வருஷம் ஆயிற்று, ஆனாலும் கால் மறக்கவில்லை. பின் சக்கரத்துக்கு முந்தின ஜன்னலைக் குறிவைத்து, துண்டை வீசினாள். அது யார் தலையிலும் விழாமல் மூன்று பேர் சீட்டில் போய் அமர்ந்து, பக்கத்தில் கையை வைத்துக்கொண்டது.

வெள்ளியங்கிரி மூச்சு வாங்க வந்து, அதை எடுத்து வெளியே கொடுங்கள், கம்பெனிச் சொத்து என்று கண்டக்டரிடம் சொன்னார். கண்டக்டர் பேசுகிற ஆள் இல்லை. சீட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார்.

“துண்டு விழுந்துருச்சுங்க. இனி அது சீட்டுங்க. போட்டவங்க வந்து உக்காந்தாத்தான் எடுக்க முடியும்.”

இதற்கு மேல் யாரும் பேச முடியாது. கலெக்டரே வந்தாலும் துண்டு போட்ட இடம் துண்டு போட்ட இடம்தான். வெள்ளியங்கிரிக்கும் அது தெரியும், அவரும் இந்த ஊர்க்காரர்தானே. போட்டவள் ஏறிப் போய் உட்கார்ந்துகொண்டாள். துண்டை எடுத்து மடியில் வைத்தாள்.

அப்புறம் பெரியவை ஏற வேண்டும். மகாயுகத்துக்குக் கடல் தெரியும், புயல் தெரியும், குதிரை வாலின் ஒவ்வொரு மயிரும் தெரியும். பஸ் ஏற மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வீட்டோடு வளர்ந்த பிள்ளை, வரிசை வரும் என்று ஓரமாக நின்றது. சரவணம்பட்டியில் எங்கே இருக்கிறது வரிசை? மற்ற நாலும் ஒரே நேரத்தில் படியில் கால் வைத்ததைப் பார்த்துத் தானும் வைத்தது. ஐந்து மலைகள் முன்வாசலில் சிக்கிக்கொண்டன. கண்டக்டர் மலைக்கு லக்கேஜ் ஆகும், கடல் சிந்தக் கூடாது, குதிரையை ஏற்ற முடியாது என்று பொறுமையாகச் சொன்னார். பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே இருந்தவர்கள் ஆபீசுக்கு நேரமாகிறது என்றார்கள். அவர் எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டு விசில் கொடுத்தார்.

முகூர்த்தம் போய்விட்டது. வேலைக்கு ஏற முடியாத ஐந்தும் ரோட்டோரம் நின்றன. ஸ்டாப்பில் இருந்த ஜனம் வந்து பார்க்கத்தான் பார்த்தது. நல்லாத்தான் இருக்குது என்றார்கள். ஒருவர் மகாயுகத்துக்குள் கொஞ்சம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, முதல் மலையைத் தாண்ட எவ்வளவு நேரமாகும் என்று விசாரித்தார். ஒரு வருஷம் என்றார்கள். அப்படியானால் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனார். ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்று டீக்கடைக்காரர் தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே அடுப்பைப் பற்ற வைத்தார்.

சாயங்காலம் கோகிலவாணியும் துண்டும் திரும்பி வந்து இறங்கினபோது கம்பெனி முழுக்க பஸ் ஸ்டாப்பில்தான் உட்கார்ந்திருந்தது. முன்சுவர் இல்லாத கட்டடத்துக்குள் போக யாருக்கும் மனமில்லை. எல்லாவற்றையும் மகாயுகத்துக்குள் போட்டாகிவிட்டது, உட்கார நாற்காலிகூட வெளியே இல்லை. துண்டு கொண்டுவந்ததில் எல்லோருக்கும் அரை டீயும் அதில் தோய்த்துத் தின்ன ஆளுக்கொரு வறுக்கியும் வந்தன. மகாயுகம் ரோட்டோரம் குந்தியிருந்தது. அதற்கும் ஒரு டீ கொடுத்தாள் கோகிலவாணி. குழந்தைமேல் என்ன தப்பு?

வெள்ளியங்கிரி வேட்டி கசங்கப் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தார். துண்டைக் காட்டிக் கேட்டார்.

“அம்மிணி, இதை ஒருக்கா நான் ஆடிப் பாக்கட்டுமா?”

அவர் தன் கம்பெனி விளையாட்டை இதுவரை ஒருமுறைகூட ஆடியதில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. துண்டு அவர் கையில் போய் உட்கார்ந்தது. முதல் துண்டு பஸ்ஸுக்கு வெளியே விழுந்தது. இரண்டாவது வழுக்கைத் தலையில். மன்னிப்புக் கேட்டார். திரும்பவும் போட்டார், திரும்பவும் மன்னிப்புக் கேட்டார். தெருவிளக்கு எரிகிற நேரத்துக்கு ஒரு சீட் பிடித்துவிட்டார். பிடித்ததும் அவர் கண் கலங்கியது.

“நிக்காம போறது நல்லாத்தான் இருக்குது அம்மிணி. அந்த வடாம் கொஞ்சம் மெதுவா நடக்குமே, அது…” என்று ஆரம்பித்தார். கோகிலவாணி டீ டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அவளும் துண்டும் ஸ்டாப்புக்கு வந்தபோது அங்கே மகாயுகம் இல்லை. அதற்குத் தீனி போட ஆள் இல்லாததால் அது பொழுது விடிவதற்குள் தனித்தனியாகப் பிரிந்து, முகம் கழுவி, வேலைக்குக் கிளம்பி வந்திருந்தது. மழை ஒரு பக்கம் நின்றது. ஒரு குதிரை வாலைப் பின்னிப் போட்டிருந்தது. தண்ணீர் மொண்டு கொடுக்கிற வில்லன் கையில் குடத்தோடு நின்றான். எல்லோருக்கும் முன்னால் அந்த மலை, கையில் டிபன் பாக்ஸோடு நின்றது. அதன் உச்சியில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது.

பஸ் வந்தது. வெள்ளியங்கிரி கூடவே ஓடித் தன் தோள் துண்டைப் போட்டார், அது யார் தலையிலோ விழுந்தது. கண்டக்டர் மழைக்கு மகளிர் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு, மலையை வழியில் நிற்காமல் உள்ளே தள்ளிப் போகச் சொன்னார். மலை மெதுவாக நடந்து வந்தது. இடித்துப் பிடித்துப் போக அதற்குத் தெரியவில்லை. துண்டு வழக்கம்போலப் பக்கத்து சீட்டில் கையை வைத்துக்கொண்டிருந்தது.

“இங்க ஆள் வருதுங்களா?” என்று மலை கேட்டது.

துண்டு மலையைப் பார்த்தது. மேலே இருந்த காக்கையைப் பார்த்தது. கையை எடுத்துக்கொண்டது.

மலைக்கு ஜன்னலோரம் கிடைத்தது. கணபதி தாண்டுவதற்குள் அது தூங்கிப்போய், கோகிலவாணியின் தோளில் சாய்ந்தது. டிபன் பாக்ஸ் நழுவிவிடாமல் அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். காந்திபுரம் வந்ததும் எழுப்பிவிட்டாள்.